ரெக்கார்டு கிளாம்ப், அவுட்டர் ரிங் வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே, எல்பி (பெரிய வினைல் இசைத்தட்டு) கேக்குறவங்க யாராச்சும் கொஞ்சம் வழி சொல்லுங்க. என்கிட்ட இருக்கறது தோரன்ஸ் டிடி 160 ரெக்கார்டு பிளேயர், பெல்ட் டிரைவ் (மோட்டார் பெல்ட் மூலமா தட்டைச் சுத்தும்), உள்ள ஸ்பிரிங் சஸ்பென்ஷன் (தட்டு ஸ்பிரிங் மேல நிக்கும்). பழைய எல்பி சிலது ஓரத்துல நெளிஞ்சிருக்கு, சுத்தறப்ப டோன்ஆர்ம் (ஊசி இருக்கற கை) ஏறி ஏறி இறங்குது, ஸ்பீக்கர் கோன் சத்தமே இல்லாம முன்னாடி பின்னாடி ஆடறது கண்ணுக்கே தெரியுது, நீளமா இழுக்கற வயலின்ல சுருதி லேசா அசையுது, அதைத்தான் தாங்க முடியல.

நடுவுல வைக்கற வெயிட் ஓரத்து நெளிவை ஒண்ணும் பண்ணாது, நடு மேடான ரெக்கார்டுக்குத்தான் அது சரி, அதுவும் கனமா வச்சா ஸ்பிரிங் அமுங்கும், பேரிங்குக்கும் சுமை. அதனால ஸ்பிண்டிலை (தட்டோட நடுக்கம்பி) கவ்விப் பிடிக்கற லேசான கிளாம்ப் போதும்னு நினைக்கறேன்.

ஓரத்துக்கு, விளிம்பைச் சுத்தி அமுக்கற அவுட்டர் ரிங்தான் மருந்து. ஆனா அது ஒரு கிலோ பக்கம் வருமே, மோட்டார் வேகம் பிடிக்கத் திணறாதா? ஊசியை முதல் க்ரூவ்ல (ஊசி ஓடற பள்ளக்கோடு) இறக்கறப்ப கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கற பாகம்) ரிங்ல இடிக்குமா? ஸ்பிரிங் டெக்ல ரிங் போட்டுக் கேட்டவங்க இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. இல்ல, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு சூடு காட்டி நிமித்தறதே மேலா? சூடு காட்டினா க்ரூவ் கெட்டுடுமோன்னு பயமா இருக்கு, அந்த ரெக்கார்டெல்லாம் திரும்பக் கிடைக்காது.