பாத்ரூம் ஜன்னலை ராத்திரியிலும் ஒருமுறை பாருங்கள்

வாங்கப்போகும் வீட்டில் குறை பார்த்துச் சொல்வது என் வேலை, பெரும்பாலும் சென்னை அடுக்குமாடிகளில். கூட வருபவர்கள் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். பாத்ரூம் வென்டிலேட்டரை யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

மேடவாக்கத்தில் ஒரு பழைய ஃப்ளாட். பாத்ரூம் சீலிங் முழுக்கக் கரும்பூஞ்சை. மேல் வீட்டு ஒழுக்கு என்றார்கள். மேலே போய்ப் பார்த்தால் அங்கே ஒழுக்கே இல்லை. லூவர் கண்ணாடியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் சேர்த்து உள்பக்கம் பிளைவுட் அடித்து மூடியிருந்தார்கள். வெந்நீர் ஆவிக்கு வெளியேற வழியில்லை. "எதிர் பால்கனியில எப்பவும் ஆள் நிக்குது தம்பி, வேற என்ன பண்றது?" என்றார் வீட்டுக்கார அம்மா. நியாயமான கேள்வி. ஜன்னலை ஆள் உயரத்துக்கு மேலே வைக்காமல் விட்டது கட்டியவர் செய்த தப்பு.

அதனால் மறைவு, காற்றோட்டம் இரண்டையும் நான் சேர்த்தே பார்க்கிறேன். இருட்டியதும் உள்ளே விளக்கைப் போட்டு, ஒருவரை நிற்கவைத்து, எதிர்ப்பக்கம் போய்ப் பார்ப்பேன். ஜன்னலில் ஒட்டும், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் ஃபிலிம் பகலில்தான் மறைக்கும். ராத்திரி உள்ளே வெளிச்சம் கூடியதும் காட்டிக்கொடுத்துவிடும். ஃப்ராஸ்டட் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் உள்ளே இருந்தால், தண்ணீர் பட்டதும் அந்த இடம் தெளிந்துவிடும். அதையும் நனைத்துப் பார்ப்பேன். அப்புறம் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, டிஷ்யூ பேப்பரை அதன் அருகே பிடிப்பேன். இழுக்கவில்லை என்றால், முதலில் கதவுக்கு அடியில் காற்று நுழைய இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

*

கோவையிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. என் தங்கை வாடகைக்குப் பார்த்த வீட்டிலும் வென்டிலேட்டரை ஃப்ளெக்ஸ் வைத்து மூடியிருந்தார்கள். அதே பாத்ரூமுக்குள் கேஸ் கீசர்! காற்றோட்டம் இல்லாமல் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப் போனவர்கள் அப்படியே இறந்திருக்கிறார்கள். கீசரை வெளியே மாற்றின பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தோம்.

*

எங்கள் அடுக்குமாடியில் ஃபேன் நன்றாகவே இழுத்தது, ஆனால் நாற்றம் போகவில்லை. எல்லா பாத்ரூமும் மாடிவரை போகும் ஒரே காற்றுப் பாதையில், அதாவது டக்டில்தான் திறக்கும். மழைக்குப் பயந்து மொட்டை மாடியில் அதன் வாயை ஷீட் போட்டு அடைத்திருந்தார்கள். கீழ் வீட்டுக் காற்று எங்களுக்கு வந்தது. ஷீட்டை ஒரு அடி உயர்த்தி, நாலு பக்கமும் வலை அடித்தோம், சரியாகிவிட்டது. வீடு பார்க்கப் போகிறவர்கள் மாடிக்கும் ஏறிப் பாருங்கள்.