காக்காச்சி கோல்ஃப் மைதானம்: கம்பெனி போன பிறகு போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஊத்து லைன் வீட்டுக்காரன்

போய்விட்டு வந்ததில் இருந்து மனசு ஆறவில்லை. மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்டம் நடத்திய கம்பெனி 2024ல் வேலையை நிறுத்தியதும் சனங்கள் மலை இறங்கியதும் இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். மைதானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அப்பா அங்கே புல் வெட்டியவர். கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் தேயிலைக்காட்டு வேலை, மற்ற நாளில் மைதானம். துரைமார் ஆட வருவதற்கு முந்தின நாள் குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, வெறுங்காலால் தடவித் தடவிப் பார்ப்பார். செருப்புக் காலோடு எங்களை உள்ளே விட மாட்டார்.

இப்போது புல் முழங்காலுக்கு நிற்கிறது. கூட வந்த வனக்காவலர், "சீக்கிரம் பார்த்துட்டு ஏறுங்க" என்றார். கொடி நட்ட குழியைத் தேடினேன். இருக்கிறது. சுற்றிலும் மிளா மானின் குளம்புத் தடம், ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர். குழிக்குள் பதித்த குவளை ஒரு பக்கம் நசுங்கிக் கிடக்க, அதற்குள் ஒரு தவளை. நான் குனிந்து பார்த்தும் அது அசையவில்லை. கீழே வந்ததும் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, "கிரவுண்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "மழைப்பா, சரியாப் பார்க்க முடியல" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்பாசமுத்திரம்

எங்களை ஜீப்பை விட்டு இறங்கவே விடவில்லை. கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். ஒரே மூடுபனி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முகம் கூட மங்கல். திடீரென்று காற்று அடித்துப் பனி விலகியது. பச்சைச் சரிவு முழுக்கத் தெரிந்தது, நடுவில் ஒரு காட்டுமாடு தலையைத் தூக்கி எங்களையே பார்த்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். அவ்வளவுதான், மறுபடி பனி மூடிவிட்டது.

ஆனாலும் அந்த இடத்தை இப்படியே விடுவது எனக்குச் சம்மதமில்லை. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ல் தொடங்கியது. அங்கே காட்டுமாடு மேய்கிறது, ஆட்டமும் நடக்கிறது. இங்கே மட்டும் ஏன் முடியாது? பத்து ஆளுக்காவது வேலை கிடைக்குமே.

மலையில் பாடம் நடத்தியவள்

எனக்கு ஞாபகம் இருப்பது பந்துகள்தான். ஓடையில் விழுந்த பந்தைப் பிள்ளைகள் பொறுக்கி, பாவாடையில் துடைத்து, பங்களாவில் கொடுத்துச் சில்லறை வாங்கி வருவார்கள். ஓய்வு பெற்ற பிறகு போனபோது ஓடைப் பாலத்தருகே நின்றேன். தண்ணீருக்கடியில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக வெள்ளையாக ஒன்று. கையை விட்டு எடுத்தேன், பந்துதான். பாசி பிடித்து, மேல்தோல் வெடித்திருந்தது. பொறுக்க ஒரு பிள்ளை இல்லாத ஊரில் அதை எடுத்து என்ன செய்ய? பழையபடி தண்ணீரிலேயே போட்டுவிட்டேன்.

கடையம், பறவை பார்ப்பவன்

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. கொடைக்கானல் ஒரு நகரம். காக்காச்சி, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு உள்ளே இருக்கிறது. 1988ல் அமைந்த காப்பகம், தமிழ்நாட்டில் முதலாவது. சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த காடு இது. 2028ல் கெடு முடிகிறது. குத்தகை முடியப்போகிற காட்டில் மறுபடி யாருக்காகப் புல் வெட்டுவது?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மைதானத்து ஓரம், சோலை தொடங்கும் இடத்தில் வெடிபலா மரத்தில் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்குக் கூட்டம். முள்ளுக்காயைப் பிளந்து கொட்டையைத் தின்றுகொண்டிருந்தன. ஒரு தாய், குட்டியை வயிற்றில் ஒட்டவைத்தபடி கீழ்க்கிளைக்கு வந்து, திறந்த புல்வெளியைப் பார்த்தது. இறங்கவில்லை. அந்தப் பக்கச் சோலைக்குப் போக அதற்கு மரத்தோடு மரமாக வழி இல்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. துரைமார் கண்ணுக்கு அழகாக இருந்த அந்த வெளி அதற்கு ஒரு தடை.

மைதானத்தின் தாழ்ந்த பக்கம் எந்நேரமும் சொதசொதவென்று கிடக்கிறது. வெட்டாமல் விட்டால் அது சதுப்பாகவே நிற்கும். அந்த நீர் கீழே வந்துதான் நம் வயலில் பாய்கிறது.

கல்லிடைக்குறிச்சி

எனக்கு அங்கே அட்டை கடித்ததுதான் அனுபவம். கணுக்காலில் பிடுங்கிய இடம் ராத்திரி வரை ரத்தம் நிற்கவில்லை. போகிறவர்களுக்குச் சில விஷயம்: புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காலுறை போடுங்கள். அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள், உப்பு வைத்தால் தானே விழும். மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் பாதையை அடைத்துவிடுவார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், மேலே பழைய கடைகளை நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் பை வேண்டாம், பிடுங்கிவிடுவார்கள், பிடுங்குவதும் நியாயம்தான். வயசானவர்களுக்கு வாந்தி வரும், வளைவு அப்படி, எலுமிச்சை ஒன்று கையில் இருக்கட்டும். சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுங்கள், யானை நிற்கும்.

ஊத்து லைன் வீட்டுக்காரன்

கடையம் தம்பி, மந்தி விஷயம் எனக்குப் புதுசு. காடு திரும்பட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் "யாருக்காகப் புல் வெட்டுவது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது வலிக்கிறது. வெட்டினவர்கள் துரைமாருக்காக மட்டும் வெட்டவில்லை. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்கு, விடியுமுன் போய், பனியில் நின்று செய்த வேலை அது, அதைச் சுத்தமாகச் செய்ததில் அவர்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது. குத்தகைக் கணக்கு பேசும்போது அதையும் பேசுங்கள்.

அப்புறம், சதுப்பு என்றதும் ஒன்று தோன்றியது. தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் வடிய அப்பா ஆட்களோடு வாய்க்கால் வெட்டியதாகச் சொல்வார். அதற்கு முந்தின போட்டோ யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். டீச்சர், பள்ளிக்கூடப் படம் எதிலாவது பின்னால் மைதானம் விழுந்திருக்கிறதா பாருங்கள். அப்பாவிடம் காட்டி, எந்த இடம் என்று கேட்டு எழுதுகிறேன்.