மும்பை லோக்கல் ரயிலில் ஏறத் தயங்கினால் ஊரையே பார்க்கவில்லையா?

நெல்லைத்தென்றல்: போன மாதம் அம்மா, அக்காவோடு நான்கு நாள் மும்பை. பெரும்பாலும் டாக்ஸிதான். "லோக்கலில் ஏறாமல் என்னத்தைப் பார்த்தாய்?" என்று ஆபீஸில் ஒரே கேலி. தெரியாத ஊரில் பஸ், ரயில் ஏறத் தயங்குவது அவ்வளவு பெரிய குற்றமா?

தாதர்வாசி: குற்றமில்லை, நஷ்டம். காலையில் கூட்டமெல்லாம் வடக்கிலிருந்து தெற்கே சர்ச்கேட் ஸ்டேஷன் பக்கம் வரும். தெற்கே கொலாபாவில் தங்கியிருப்பவர் வடக்கே அந்தேரி போனால் எதிர்த்திசை. ஜன்னலோரமே கிடைக்கும், டிக்கெட் 5 ரூபாயிலிருந்து. நீங்களோ டாக்ஸியில் உட்கார்ந்து சிக்னல் எண்ணியிருப்பீர்கள்.

நெல்லைத்தென்றல்: இதை எந்தப் போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்? முதல் நாள் ஏறத்தான் செய்தோம். தாதரிலிருந்து மாஹிம். வண்டி மாஹிமில் நிற்காமல் பாந்த்ராவுக்கே போய்விட்டது. பிளாட்பார இண்டிகேட்டரில் 'எஃப்' என்றால் சில ஸ்டேஷன்களில் நிற்காத ஃபாஸ்ட், 'எஸ்' என்றால் எல்லாவற்றிலும் நிற்கும் ஸ்லோ என்பது அப்புறம்தான் தெரிந்தது. இறங்கும்போதும் தப்பான பக்கத்துக் கதவில் நின்றோம். அரை நிமிடம்கூட நிற்காத வண்டி. அம்மாவை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவதற்குள் எத்தனை முழங்கை!

தாதர்வாசி: ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போனதற்கா இவ்வளவு? எதிர் வண்டியில் திரும்பியிருக்கலாம். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டாலே கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். கேட்கக் கூச்சப்பட்டுவிட்டு ரயிலைக் குறை சொல்லாதீர்கள்.

பாரிஸ்கார்னர்: கூச்சம் என்று சொன்னீர்களே, விஷயமே அதுதான். தயக்கத்துக்குக் காரணம் காசும் இல்லை, பாஷையும் இல்லை. ஊரே பழகிய ஒன்றைத் தெரியாமல் நடுவழியில் முழிக்கிறோமே என்ற வெட்கம். சென்னையிலும் இதே கதைதான். பஸ் போர்டில் 'பிராட்வே' என்று இருக்கும், ஏறுகிறவர்கள் 'பாரிஸ் போகுமா?' என்பார்கள். இரண்டும் ஒரே இடம் என்று வெளியூர்க்காரருக்கு யார் சொல்வது? அவர் ஆட்டோ பிடிக்காமல் என்ன செய்வார்?

தாதர்வாசி: மும்பையில் அந்த ஆட்டோவும் பாந்த்ராவுக்குத் தெற்கே கிடையாது. சரி, லோக்கல் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து தெற்கு முனையில் இருக்கும் கஃப் பரேட் வரை மெட்ரோவே 2025 அக்டோபரில் வந்துவிட்டதே, அதிலாவது ஏறினீர்களா?

நெல்லைத்தென்றல்: வந்திறங்கியதும் அதில்தான் போனோம். துளி பயம் இல்லை. ஏசி, மூடுகிற கதவு, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிறது. அதே அம்மா, அதே அக்கா, அதே நான். அப்படியானால் தயக்கம் எங்களுடையது மட்டுமா?

தாதர்வாசி: மெட்ரோ எல்லா இடத்துக்கும் போகாதே. மெட்ரோ மட்டும் போதும் என்றால் பாதி ஊரை விட்டுவிட வேண்டியதுதான்.

பாரிஸ்கார்னர்: மூன்று பேர் சேர்ந்து போனால் டாக்ஸி கணக்கும் அவ்வளவு மோசமில்லை, அதையும் சொல்லுங்கள்.

தாதர்வாசி: மோசமில்லைதான், மாலை ஆறு மணிக்கு ரோட்டில் மாட்டாதவரை. அடுத்த முறை காலை பத்துக்கு மேல் சர்ச்கேட் வாருங்கள், நானே ஏற்றிவிடுகிறேன்.

நெல்லைத்தென்றல்: வருகிறேன். அந்தேரி தாண்டி விரார் வரை போகும் விரார் ஃபாஸ்டில் ஏற்றிவிடாதீர்கள், அதில் ஏறினால் தூரம் போகிறவர்கள் அந்தேரியில் இறங்கவே விடமாட்டார்களாமே. அம்மா வருவாளா என்பது வேறு விஷயம்.