புதுப்பிப்பு: லாரியின் நகர்வு இப்போது சரியாகக் கிடைக்கிறது

சாலையில் செல்லும் லாரியின் வேகத்தைக் காணொளியிலிருந்து கணிக்க, 1981-இல் லூகாஸும் கனடேயும் முன்வைத்த, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு ஒரு புள்ளி எங்கே நகர்ந்தது எனக் கணிக்கும் முறையைப் பயன்படுத்தியபோது, நகர்வைக் காட்டும் அம்புக்குறிகள் கண்டபடி திசைமாறுகின்றன என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். காரணங்கள் இரண்டு என இப்போது தெரிந்துவிட்டது.

முதலாவது எளிது. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே நகர்வு மிகச் சிறியது என்று கருதியே அந்த முறை சமன்பாட்டை அமைக்கிறது. என் லாரியோ ஃபிரேமுக்கு ஏறத்தாழ 40 பிக்சல் நகர்ந்தது. படத்தை மும்முறை பாதியாகச் சுருக்கினால் அது 5 பிக்சலாகிவிடும் என்பதால், மிகச் சிறிய படத்தில் தொடங்கி, அங்கே கிடைத்த விடையை இரட்டித்து அடுத்த பெரிய படத்தில் திருத்திக்கொண்டே வரும் பிரமிடு முறைக்கு மாறினேன்.

இரண்டாவதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று இரவுகள் ஆயின. லாரியின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஒரு மஞ்சள் பட்டை ஓடுகிறது; 21-க்கு 21 பிக்சல் சன்னல் (அந்த முறை ஒரு நேரத்தில் பார்க்கும் சிறு சதுரப் பகுதி) வழியே அதை மட்டும் பார்த்தால், பட்டை தன் நீளவாக்கில் எவ்வளவு நகர்ந்தாலும் படம் அப்படியே இருக்கிறது, ஆகவே கணினிக்கு அந்தத் திசையில் ஆதாரமே இல்லை. துளைச் சிக்கல் என்று பாடத்தில் படித்ததை அன்றுதான் கண்ணெதிரே கண்டேன். இப்போது, சன்னலுக்குள் உள்ள ஒளிர்வுச் சரிவுகளிலிருந்து (அருகருகே உள்ள பிக்சல்களிடையே ஒளிர்வு மாறும் அளவுகளிலிருந்து) அமையும் 2×2 அணியின் ஐகன் மதிப்புகளில் (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் ஒளிர்வு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் இரண்டு எண்களில்) சிறியதும் போதிய அளவு பெரிதாக உள்ள புள்ளிகளை, அதாவது எழுத்துகளின் முனைகள், விளக்கின் மூலைகள் போன்றவற்றை மட்டுமே பின்தொடர்கிறேன்.

நிழல் விளிம்பில் மட்டும் பிழை இன்னும் தீரவில்லை. ஒரு புள்ளியின் ஒளிர்வு மாறாது என்ற அடிப்படைக் கருதுகோளே அங்கே உடைந்துவிடுகிறது.