இணைய அடைவில் நடுகல் தளம்: பரிந்துரைத்தும் பதில் இல்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: வட்டெழுத்து

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களை ஒளிப்படம் எடுத்து, கல்லில் உள்ள வாசகத்தையும் அது நிற்கும் ஊரையும் குறித்து, தமிழில் ஒரு தளம் நடத்தி வருகிறேன். அதில் விளம்பரம் கிடையாது. எதையும் விற்பதும் இல்லை. தளங்களைப் பொருள்வாரியாகப் பட்டியலிட்டுத் தன்னார்வலர்கள் தொகுத்து நடத்தும் ஓர் இணைய அடைவில், தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு உரிய பகுப்பில், இதைச் சேர்க்குமாறு சென்ற ஆண்டு பரிந்துரைத்தேன். பரிந்துரை வந்து சேர்ந்தது என்ற தானியங்கி அறிவிப்பைத் தவிர இன்றுவரை ஒரு வரியும் வரவில்லை.

காத்திருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே பகுப்பில், எப்போதோ செயலிழந்துபோன தளங்களின் இணைப்புகள் அப்படியே இருக்கின்றன; ஒரே விடுதி முன்பதிவுத் தளம் இரண்டு பெயர்களில் இடம்பெற்றிருக்கிறது. இவற்றைப் பார்க்கும்போது, என் தளத்தை யாரும் திறந்தே பார்க்கவில்லையா, அல்லது பார்த்துவிட்டுத் தகுதி இல்லை என்று ஒதுக்கினார்களா என்பது புரியாமல் மனம் சோர்ந்துபோகிறது. மறுத்திருந்தால் காரணத்தைச் சொல்லலாமே, திருத்திக்கொள்வேனே. தேடுபொறி வரிசையில் முன்னேறுவதற்காக இதைக் கேட்கவில்லை. கல்வெட்டில் ஆர்வமுள்ள ஒருவர் பொருள்வாரியாகத் தேடிவரும்போது இந்தக் கற்கள் அவர் கண்ணில் பட வேண்டும் என்பதே என் விருப்பம். மீண்டும் அனுப்புவதா, வேறு பகுப்பில் அனுப்புவதா, யாரிடம் கேட்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: முன்னாள் தொகுப்பாளர்

வணக்கம் ஐயா. டிமோஸ் என்று அறியப்பட்ட திறந்த அடைவில் நான் சில ஆண்டுகள் தொகுப்பாளராக இருந்தவன். தாங்கள் சொல்லும் அடைவு எதுவென்று தெரியாவிட்டாலும், இவ்வகை அடைவுகள் பெரும்பாலும் டிமோஸின் அமைப்பைப் பின்பற்றியே எழுந்தவை என்பதால், அங்கு நான் கண்டதைச் சொல்கிறேன்.

டிமோஸில் ஊர்வாரியான கிளை ஆங்கிலத் தளங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிற மொழித் தளங்களுக்கு ‘உலகம்’ என்ற கிளையின் கீழ் மொழிக்கொரு பகுதி இருந்தது. ஆகவே, தமிழில் உள்ள ஒரு தளத்தை ஆங்கிலக் கிளையின் தருமபுரிப் பகுப்பில் பரிந்துரைத்தால், அங்குள்ள தொகுப்பாளர் எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவராக இருந்தாலும் அதைச் சேர்க்க முடியாது. தமிழ்ப் பகுதிக்கு நகர்த்தத்தான் முடியும். தமிழ் வாசிக்கத் தெரியாதவர் என்றால், அது நடுகல் பற்றியதா நகைக்கடை பற்றியதா என்றுகூட அறியாமல் அப்படியே விட்டுவிடுவார். நகர்த்தப்பட்டாலும், தமிழ்ப் பகுதியில் கவனிப்பார் இல்லையென்றால் அங்கேயே கிடக்கும். தங்கள் பரிந்துரைக்கும் இதுவே நேர்ந்திருக்கும் என்று கருதுகிறேன்.

மீண்டும் மீண்டும் அனுப்புவதைத் தயவுசெய்து தவிர்க்கவும். டிமோஸில் அதே முகவரியை மறுபடி அனுப்பினால் பழைய பரிந்துரை அழிந்து புதிய தேதியுடன் பதிவாகும். தேதி வரிசையில் பார்க்கும் தொகுப்பாளரிடம் நாம் கடைசிக்குப் போய்விடுவோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரிந்துரைகளின் குவியலை ஒரு வரிசையாகக் கருதித் தீர்க்க வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கவில்லை. வாசகருக்குப் பயன்படும் தளங்களைத் திரட்டுவதே வேலை. அதற்குப் பரிந்துரை ஒரு வழி, நாங்களே தேடிக் கண்டெடுப்பது இன்னொரு வழி. குவியலில் பெரும்பகுதி ஒரே சரக்கைப் பல முகவரிகளில் விற்கும் தளங்களாகவே இருந்ததால், பலர் தாமே தேடுவதை விரும்பினார்கள்.

பதில்: ஏரிக்கரை

மேலே சொல்லப்பட்ட விவரங்கள் சரியானவையே. ஆனால் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. கடமை இல்லை என்பது தாமதத்துக்குக் காரணமாகலாம், மௌனத்துக்குக் காரணமாகாது.

டிமோஸின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1998இல் தொடங்கி, அதே ஆண்டில் நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனத்தின் கைக்கு வந்த அந்த அடைவின் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவைத்தார்கள். அது அருமையான ஏற்பாடு. கூகுள் 2000 முதல் 2011 வரை அந்தத் தரவைக் கொண்டே தன் அடைவை நடத்தியது. டிமோஸில் ஒரு வரி இடம்பெற்றால் பல இடங்களில் அது பிரதியாகும் என்று தெரிந்ததும் வணிகர்கள் படையெடுத்தார்கள். பரிந்துரையின் நிலையைக் கேட்டறியப் பொதுமக்களுக்கு இருந்த வசதியும் 2005இல் நிறுத்தப்பட்டது. 2006 அக்டோபரில் அடைவின் வழங்கி (சர்வர்) பழுதாகி, டிசம்பர் வரை தொகுப்பு வேலையே முடங்கியது. வெளியில் நின்றவர்களுக்கு இவை எல்லாம் ஒரே மௌனமாகத்தான் தெரிந்தன; போட்டியாளரே தொகுப்பாளராக உட்கார்ந்து தம் தளத்தைத் தடுக்கிறார் என்ற சந்தேகம் அந்த மௌனத்தில்தான் வளர்ந்தது. 2017 மார்ச்சில் மூடப்பட்டபோது, சுமார் 38 லட்சம் தளங்களும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பகுப்புகளும் அதில் இருந்தன. அத்தனை உழைப்பைப் போற்றுகிறேன். இருப்பினும், இந்தப் பகுப்பில் இப்போது தொகுப்பாளர் இல்லை, கடைசியாகப் பார்க்கப்பட்ட நாள் இது என்ற இரண்டு தகவல்களைப் பரிந்துரைப் படிவத்தின் மேலேயே தெளிவாகக் காட்டியிருந்தால், எத்தனையோ பேர் மனம் கசந்து விலகியிருக்க மாட்டார்கள்.

வட்டெழுத்து அவர்களுக்கு: செயலிழந்த இணைப்புகளையும் இரட்டைப் பதிவையும் தெரிவிக்கும் வசதி அந்த அடைவில் இருந்தால், தங்கள் தளத்தைப் பற்றி எதுவும் சேர்க்காமல் அவற்றை மட்டும் தெரிவியுங்கள். யாரேனும் அப்பகுப்பைத் திறந்து பார்க்க அது வழிவகுக்கும்.

பதில்: வட்டெழுத்து

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மொழிக் கிளை பற்றி அந்த அடைவின் உதவிப் பக்கத்தில் எங்கும் இவ்வளவு விளக்கமாக இல்லை. தேடிப் பார்த்ததில், தமிழுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதில் வரலாற்றுப் பகுப்பும் இருக்கிறது. தொகுப்பாளர் பெயர்தான் இல்லை. அங்கே நானே தொகுப்பாளராக விண்ணப்பிக்கலாமா? சொந்தத் தளம் வைத்திருப்பவர் விண்ணப்பிப்பது முறையாகுமா?

பதில்: முன்னாள் தொகுப்பாளர்

தாராளமாக முறையானதே, மறைக்காதவரை. டிமோஸ் விண்ணப்பத்தில், தமக்குத் தொடர்புள்ள தளங்கள் எவை என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். சொந்தத் தளம் இருப்பது குற்றமில்லை. அதற்குச் சலுகை காட்டுவதும், ஒத்த பிற தளங்களை ஒதுக்குவதும்தான் குற்றம். மாதிரிக்காகச் சில தளங்களைத் தலைப்புடனும் விவரிப்புடனும் எழுதித் தர வேண்டியிருக்கும். அங்கே தங்கள் தளத்தை விட்டுவிட்டு, பிறர் நடத்தும் கல்வெட்டுத் தளங்களைக் காட்டுங்கள். பெரிய பகுப்பைக் கேட்காமல் சிறியதாகக் கேட்டால் ஏற்கப்படும் வாய்ப்பு கூடுதல்.

விவரிப்பில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தவறிவிடுகின்றன. “தமிழரின் வீரத்தைப் பறைசாற்றும் தலைசிறந்த தளம்” என்று எழுதினால் அடுத்த தொகுப்பாளர் அதை முழுவதும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். “தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நடுகற்களின் ஒளிப்படங்கள், கல்வெட்டு வாசகங்கள், அமைவிடக் குறிப்புகள்” என்பது போதும். தளத்தில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதன் மதிப்பைச் சொல்லக் கூடாது.

ஏரிக்கரை அவர்கள் மௌனம் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. உள்ளே இருந்த எங்களில் பலரும் அதையே கேட்டோம்.

பதில்: கல்தச்சன்

ஒரு சிறு சேர்க்கை. தமிழ் விக்கிப்பீடியாவின் நடுகல் கட்டுரையில் தங்கள் தளத்தின் இணைப்பைத் தாங்களே சேர்க்காமல், அதன் பேச்சுப் பக்கத்தில் பரிந்துரையாக எழுதி, தளம் தங்களுடையது என்பதையும் குறிப்பிடுங்கள். பொருத்தமாக இருந்தால் வேறொருவர் சேர்ப்பார். அடைவின் பதிலுக்குக் காத்திருக்கும் காலத்தில் இதையும் செய்து வைக்கலாம்.