அஸ்தி ஊர் மொஸ்காட்டோ: குடித்தவர்கள் சொல்லுங்கள்

கம்பம்காரன்
மூன்று வருடம் ஆகிறது, மனதை விட்டுப் போகவில்லை. இத்தாலியில் பியமோந்தே மாநிலம், கனெல்லி ஊர். (அம்மாவிடம் போனில் ‘அஸ்தி பக்கம் இருக்கிறேன்’ என்றதும் ‘ஐயோ, யாருடைய அஸ்தி?’ என்று பதறினார்.) நிலவறையில் அந்த ஊர் இனிப்பு ஒயினான மொஸ்காட்டோவை ஆளுக்கொரு கோப்பை ஊற்றித் தந்தார்கள். வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே பன்னீர் திராட்சை வாசனை! எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா கூடையை இறக்கிவைக்கும்போது வருமே, அதே வாசனை. குடிக்காமல் அப்படியே நின்றேன். எனக்குப் பிடிக்கவில்லையென்று நினைத்து, ஊற்றியவர் வேறு பாட்டிலைத் தேடப் போய்விட்டார்.

கசப்பே போதும்
வாசனை சரி, அது ஒயினா? 5 சதவீத ஆல்கஹால், வாயெல்லாம் தித்திப்பு. கல்யாண வீட்டு ரோஸ்மில்க்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தூரினில் நண்பனின் மாமியார் வீட்டு விருந்தில், சாப்பாட்டுக்கு நடுவே எனக்கு ஒரு கோப்பை மொஸ்காட்டோ கேட்டுவிட்டேன். மேசையே அமைதியாகிவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி என் தட்டில் இருந்த இறைச்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

துப்பாதவள்
நான் குடித்தது ஒரே முறை, ருசி பார்க்கும் வகுப்பில். துப்பச் சொன்னார்கள், விழுங்கிவிட்டேன்.

கசப்பே போதும், அது சர்க்கரை கொட்டிச் செய்ததல்ல. சாற்றை மூடிய எஃகுத் தொட்டியில் நொதிக்கவிட்டு, பாதியிலேயே கடுமையாகக் குளிரவைத்து ஈஸ்டை வடிகட்டிவிடுகிறார்கள். மிஞ்சும் இனிப்பு முழுக்கப் பழத்துடையது. சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டது உங்கள் தவறு. கடைசியில், ஹேசல்நட் கேக்கோடு கேட்டிருந்தால் பாட்டியே ஊற்றியிருப்பார். கம்பம்காரன் சொல்வது பிரமையும் அல்ல. நம் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அது அலெக்சாண்ட்ரியா மஸ்கட் என்ற திராட்சையின் பிள்ளை, அந்த அலெக்சாண்ட்ரியாவோ இந்த ஒயினுக்கான மொஸ்காட்டோ பியாங்கோ திராட்சையின் பிள்ளை. பேத்தியின் வாசனையைப் பாட்டியிடம் மோந்திருக்கிறார்!

வாங்குகிறவர்களுக்கு: தக்கையைக் கம்பியால் கட்டியிருந்தால் அது பெரும்பாலும் அதே திராட்சையின் நுரை ஒயினான அஸ்தி ஸ்புமாந்தே, நுரையும் ஆல்கஹாலும் கூடுதல். நாம் பேசும் மொஸ்காட்டோவில், அதாவது மொஸ்காட்டோ தாஸ்தியில், பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் 2.5 பார் அளவுக்கு மேல் போகாது, அதனால் சாதாரணத் தக்கையே போதும். நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள். லேபிளில் அறுவடை வருடத்தைப் பாருங்கள், புதியதாக இருக்கட்டும். சேமித்துவைக்கும் சரக்கல்ல இது.

ஷோகேஸ் அப்பா
இதை இப்போது சொல்கிறீர்கள். மிலானிலிருந்து வந்த நண்பர் தந்த பாட்டிலை, மகள் பட்டம் வாங்கும் நாளுக்கென்று ஆறு வருடம் ஷோகேஸில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். தினமும் அதன்மேல் சாயங்கால வெயில் படும். திறந்தபோது சத்தமே இல்லை. நிறம் ஆறிப்போன டீ, நாற்றம் பழைய உலர்திராட்சை டப்பா. மகள் ஒரு வாய் குடித்தாள். ‘நன்றாக இருக்கிறது அப்பா’ என்றாள். கோப்பையை மட்டும் மெதுவாகத் தண்ணீர்ச் செம்புக்குப் பின்னால் நகர்த்திவைத்தாள்.