ஆங்கிலப் பாடவேளையில் கணக்கும் அறிவியலும்: 6 முதல் 8 வகுப்பு வரை எந்த அளவுக்குச் சேர்க்கலாம்?

கேள்வி: ஆங்கில ஆசிரியை, அம்பாசமுத்திரம் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் ஆங்கிலம் எடுக்கிறேன். அண்மையில் கலந்துகொண்ட ஒரு பயிற்சியில், ஆங்கிலப் பாடவேளையைச் செய்யுள், உரைநடை, இலக்கணம் என்று மட்டும் முடித்துவிடாமல், அட்டவணையைப் படித்தல், காரணம் கூறுதல், குறிப்பெடுத்தல், ஒரு செயல்முறையை வரிசை பிசகாமல் விளக்குதல் போன்ற, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான திறன்களையும் அதன் வழியாகவே வளர்க்க வேண்டும் என்று கூறினார்கள். கருத்தில் எனக்கு மறுப்பில்லை. பி.எட். படித்தபோது இதற்கென்றே ஒரு தாள் எழுதித் தேர்ச்சி பெற்றவள் நான். எழுதிய மறுநாளே அதை மறந்தவளும் நான்தான்.

சிக்கல் நடைமுறையில் வந்தது. சென்ற பருவத்தில் 7ஆம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கையைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிக் கொடுத்து, வாசித்து விடையளிக்கச் சொன்னேன். சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டே பாடவேளை முடிந்துபோனது. அதைவிட மோசமானது, செடி இரவில் மட்டுமே சுவாசிக்கிறது, பகலில் சுவாசிப்பதில்லை என்று பாதி வகுப்பு தவறாக முடிவு கட்டிவிட்டது. எளிமைப்படுத்துவதாக நினைத்து நான் எழுதிய இரண்டு வாக்கியங்களே அதற்குக் காரணம். எங்கள் அறிவியல் ஆசிரியர் கோபப்படவில்லை, சிரித்தார்; கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

பிள்ளைகள் தமிழ்வழியில் படிப்பவர்கள். 8ஆம் வகுப்பு முடிந்ததும் வேறு பள்ளிக்குச் செல்கிறார்கள். அங்கே சிலர் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்து, ஒரே மாதத்தில் கணக்கும் அறிவியலும் தெரியாதவர்கள் என்று பெயரெடுத்துவிடுகிறார்கள். அதனால் இந்த முயற்சியைக் கைவிடவும் மனம் வரவில்லை. மற்றப் பாடங்களைக் கெடுக்காமல், ஆங்கிலத்தையும் விட்டுவிடாமல், இதை எப்படிச் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: அறிவியல் ஆசிரியர், நாங்குநேரி

தங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் சிரித்தார் என்றால் அவர் நல்ல மனிதர். நான் சிரித்திருக்க மாட்டேன்.

புதிய பாடப்பொருளையும் புதிய மொழியையும் ஒரே நாளில் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது என்பதுதான் என் கருத்து. அறிவியலில் தமிழில் நடத்தி முடித்து, இரண்டு வாரம் கழிந்து, பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்ட ஒன்றை மட்டும் ஆங்கில வகுப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர்களுக்குப் பொருள் தெரியும், சொல் மட்டுமே தேவைப்படும். பொருளும் தெரியாமல் சொல்லும் தெரியாமல் தவிப்பதை வாசிப்புப் பயிற்சி என்று சொல்வதற்கில்லை.

ஆங்கில வகுப்பிலிருந்து எனக்குக் கிடைக்க வேண்டிய உதவி வேறொன்று. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கண்டதை நோட்டில் எழுதச் சொல்கிறேன். 'நாரை கூட்டில் அமர்ந்திருந்தது' என்பது கண்டது. 'அது அடைகாக்கிறது' என்பது ஊகம். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். அடைகாக்கலாம், அடைகாத்துக்கொண்டிருக்க வேண்டும், அடைகாக்கிறது என்ற மூன்றுக்கும் உள்ள தூரத்தை, 'மே', 'மஸ்ட்', 'இஸ்' ஆகியவற்றை நடத்தும்போது நீங்கள் காட்டிக்கொடுத்தால், அறிவியலில் பாதி வேலை முடிந்துவிடும். பறவையைப் பற்றி நீங்கள் ஒன்றும் நடத்த வேண்டாம்.

பதில் 2: கணக்கு ஆசிரியர், சேரன்மகாதேவி

டீச்சர், ஆங்கிலத்தால் கணக்கில் வரும் தொல்லை பெரிய சொற்களில் இல்லை, சின்னஞ்சிறு சொற்களில்தான் இருக்கிறது. '12ஐ விட 5 குறைவான எண்' என்று தமிழில் சொன்னால், சொற்கள் வருகிற வரிசையிலேயே 12 − 5 என்று எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் ட்வெல்வ்' என்று 5 முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. பிள்ளையும் 5 − 12 என்று எழுதிவிடுகிறது. '12இலிருந்து 5ஐக் கழி' என்பதற்கும் இதே கதிதான். எண்களாக இருக்கும்வரை, விடை கோணலாக வருவதைப் பார்த்துப் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். இயற்கணிதத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்துவிட்டால், பிழை கண்ணில் படாமலே தங்கிவிடுகிறது. இதைத் திருத்தக் கணக்கு ஆசிரியரைவிட ஆங்கில ஆசிரியருக்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இது சொற்கள் நிற்கும் வரிசையைப் பற்றிய சங்கதி.

மற்றொன்று, ஒரு சொல்லுக்குப் பல வேலை இருப்பது. வேர் வேறு, மூலம் வேறு. கரைசல் வேறு, தீர்வு வேறு என்று தமிழ்க் கலைச்சொற்கள் பிரித்தே வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் செடியின் வேரும் 'ரூட்', வர்க்கமூலமும் 'ரூட்'. உப்புக் கரைசலும் 'சொல்யூஷன்', சமன்பாட்டின் தீர்வும் 'சொல்யூஷன்'. 'வால்யூம்' என்றால் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியின் சத்தம் மட்டுமே. கொள்ளளவு நினைவுக்கு வருவதில்லை. சராசரிக்கு ஆங்கிலத்தில் 'மீன்' என்று நான் சொன்ன அன்று, வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நெத்திலியா, சாளையா என்று கேட்டவன் இன்றுவரை அந்தச் சொல்லை மறக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு சொல் போதும். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அச்சொல்லை நடுவில் எழுதி, எந்தப் பாடத்தில் அதற்கு என்ன பொருள் என்று பிள்ளைகளே அந்தந்த ஆசிரியரிடம் கேட்டு வந்து சுற்றிலும் எழுதட்டும். இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை.

பதில் 3: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை

இக்கருத்து நேற்று முளைத்ததன்று. பிரிட்டனில் அலன் புல்லக் தலைமையில் அமைந்த குழு, மாணவரின் மொழியை வளர்ப்பது எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் உரிய பொறுப்பு என்று 1975இல் அறிக்கை தந்தது. கனடாவில் ஜிம் கம்மின்ஸ், அன்றாடம் பேசப் போதுமான மொழித்திறன் வேறு, பாடம் படிக்கத் தேவையான மொழித்திறன் வேறு என்று 1979இல் பிரித்துக் காட்டினார். ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா ஆசிரியரும் மொழியாசிரியரே என்று அங்கே சொன்னதை நாம் தலைகீழாகப் புரட்டி, மொழியாசிரியர் ஒருவரே எல்லாப் பாடத்தையும் சுமக்க வேண்டும் என்று ஆக்கிக்கொண்டோம். அம்மா, தங்கள் ஒளிச்சேர்க்கைப் பத்தி இந்தப் புரட்டலில் பிறந்ததுதான். அதில் தங்கள் குற்றம் குறைவு.

நான் பணியில் இருந்தபோது பயன்படுத்திய ஒரே கருவி, நாளிதழில் வரும் அணை நிலவரப் பெட்டிச் செய்தி. அதற்குச் செலவில்லை, நாள்தோறும் புதிதாக வரும், எந்த ஆசிரியரும் நடத்தி முடிக்க வேண்டிய பாடமும் அதில் கிடையாது. முழுக் கொள்ளளவு உயரம் பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாற்றுக்கு 156 அடி, மணிமுத்தாற்றுக்கு 118 அடி. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு, அன்றன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றைப் பிள்ளைகள் கத்தரித்துக் கொண்டுவரும் துண்டிலிருந்து நிரப்பச் சொல்வேன். பிறகு ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியங்கள்: ஒன்று நிலையைச் சொல்வது, ஒன்று ஒப்பிடுவது, ஒன்று காரணம் கூறுவது. வரத்து வெளியேற்றத்தைவிட அதிகம், ஆகவே மட்டம் உயர்கிறது. 'பிகாஸ்', 'ஸோ' என்ற இரண்டையும் அறிவியலிலும் வரலாற்றிலும் பிழையின்றிக் கையாள, அணையைப் போல உதவும் பொருள் வேறில்லை, ஏனெனில் காரணம் கண்முன்னே நிற்கிறது.

இதில் ஓரிடம் மிக நுட்பமானது. அணை 'மூன்று அடி உயர்ந்தது' என்பதற்கு ஆங்கிலத்தில் 'பை' என்ற முன்னிடைச்சொல் வர வேண்டும். 'மூன்று அடியாக உயர்ந்தது' என்பதற்கு 'டு' வர வேண்டும். தமிழில் 'ஆக' என்ற இரண்டெழுத்து செய்கிற வேலையை ஆங்கிலத்தில் அந்தச் சிறு சொல் செய்கிறது. விலைவாசி, மக்கள்தொகை, வெப்பநிலை என்று எந்தப் பாடத்துக்குப் போனாலும் பிள்ளை இந்த இடத்தில் இடறும். ஒரு வாரம் இதிலேயே நின்றாலும் நட்டமில்லை.

கன அடி என்றால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு குடம் என்றேன். உடனே வகுப்பு முழுவதும் நொடிக்கு எத்தனை குடம் என்று பெருக்கத் தொடங்கிவிட்டது. நான் திட்டமிட்ட பாடம் அன்றைக்கு அதோடு நின்றுபோனது. கார், பிசானம் ஆகிய இரு சாகுபடிகளுக்கும் தண்ணீர் திறக்கும் நாளைக் கேட்டுவரச் சொன்னால், சமூக அறிவியலும் தானே வந்து சேரும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பெட்டிச் செய்தியை ஆற்றங்கரைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், சற்றுப் பார்த்து நடத்துங்கள்.

பதில் 4: தமிழாசிரியர், பத்தமடைப் பக்கம்

ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என்று எல்லோரையும் கூப்பிட்டீர்கள், தமிழாசிரியரை யாரும் கூப்பிடவில்லை. அழைப்பில்லாமலே வந்து ஒன்று சொல்கிறேன்.

செயல்முறையை விளக்குவதற்கு, எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் பாய் நெய்வதைக் கேட்டேன். தாயார் பட்டுப்பாய் நெய்யும் வீட்டுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "கோரையை அறுத்து, கீறி, காயப்போட்டு, ஓடுற தண்ணியில ஊறப்போட்டு, மறுபடி காயவச்சு, சாயம் ஏத்தி, நெய்வாங்க" என்றாள். ஆறு வினையெச்சம், ஒரே வினைமுற்று, ஒரே வாக்கியம். இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிற பிள்ளை 'அண்ட்' போட்டுப் போட்டு வண்டியை ஓட்டும். அது மொழி தெரியாத குறையன்று. தமிழ் அடுக்குகிற முறை அப்படி. எச்சங்களைப் பென்சிலால் கோடிட்டுத் துண்டுதுண்டாக வெட்டச் சொன்னேன். ஒவ்வொரு துண்டும் ஒரு முழு வாக்கியமாகிறது. முன்னால் 'ஃபர்ஸ்ட்', 'தென்', 'ஆஃப்டர் தட்' வந்து அமர்கிறது. ஒரு பையன் இரண்டாவது முறை காயவைப்பதை விட்டுவிட்டான்; அச்சிறுமி விடவில்லை, அதையும் சேர்த்து எழுத வைத்தாள். வரிசை என்பது ஆய்வகத்தில் ஏன் முக்கியம் என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அறுப்பது யார், கீறுவது யார் என்று அவள் சொல்லவேயில்லை. தமிழ் எழுவாயை ஒளித்துவைக்க அனுமதிக்கிறது. ஆங்கிலம் அந்த இடத்தைக் காலியாக விடாது. அதனால் கோரையையே எழுவாயாக்கி, 'த கிராஸ் இஸ் கட்' என்று செயப்பாட்டுவினையில் எழுதுகிறோம். தமிழ் அறிவியல் நூலில் 'வெப்பப்படுத்தப்படுகிறது' என்று வருவதும் இதுவே. செயப்பாட்டுவினையை நான் நடத்துகிற வாரத்திலேயே ஆங்கில ஆசிரியரும் நடத்தினால் இருவருக்கும் பாதி உழைப்பு மிச்சம். பல பள்ளிகளில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஆனால் இதைப் பேசிக்கொள்வதில்லை.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அணை நிலவரத்தை 8ஆம் வகுப்பில் எடுத்துப் பார்த்தேன். ஐயா எச்சரித்தபடியே முக்கால்வாசிப் பேர் 'பை' வர வேண்டிய இடத்தில் 'டு' எழுதினார்கள். நான் விதியைச் சொல்லத் தொடங்குவதற்குள், ஆங்கிலத்தில் வாய் திறக்காத ஒரு பையன், "டீச்சர், மூணு அடியா உயர்ந்துச்சுன்னா, நேத்து அணை வத்திப்போயில்ல கெடந்திருக்கணும்" என்றான். மேல் வரிசையில் முந்தின நாளின் 96 அடி இருந்தது. அவன் இலக்கணத்தைத் திருத்தவில்லை, எண்ணைப் பார்த்துத் திருத்தினான்; மற்றவர்கள் அவனைப் பார்த்துத் தாளைத் திருத்தினார்கள்.

ஒளிச்சேர்க்கையை இனி அறிவியல் ஆசிரியர் நடத்திய பிறகே தொடுவேன். ஒரு ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. வாக்கியம் சரியாக இருந்து எண் தவறாக இருந்தால் ஆங்கிலத்தில் மதிப்பெண் குறைக்கலாமா? ஒரு மாணவி 118 அடிக்குமேல் மணிமுத்தாற்றை நிரப்பி, பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள்.

பதில் 5: கணக்கு ஆசிரியர், சேரன்மகாதேவி

குறைக்க வேண்டாம், ஆனால் அப்படியே விடவும் வேண்டாம். பருவம் நடக்கும்போதே வகுப்பில் செய்கிற வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் செயல்பாடுகளுக்கு இடம் இருக்கிறதே. ஒரே தாளை இரண்டு பாடத்துக்கும் செயல்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்கு நீங்கள் போடுங்கள், எண்ணுக்கு உங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர் போடட்டும். அந்த மாணவியிடம் மட்டும், அணை 118 அடியைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதிவரச் சொல்லுங்கள். மதகைத் திறக்க வேண்டும் என்று அவளே எழுதிக்கொண்டு வருவாள்.